டிராம்போலினும் கைப்பிடிச் சுவரும்



தலைப்பைக் கண்டு சிலர் புன்னகைக்கக்கூடும். பிள்ளைகள் ஏறித் துள்ளும் விளையாட்டுச் சாமானைப் பற்றி ஒரு போதகர் எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்டிருந்தால் நானும் அப்படியே சொல்லியிருப்பேன். இன்று அப்படிச் சொல்ல என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. காரணத்தைக் கேளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை இரவு

எங்கள் சபையில் ஒரு குடும்பம். தகப்பனாருக்கு மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. தாயார் வீட்டிலேயே தையல் தைக்கிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து பல வருடங்களாகின்றன. இரண்டு பிள்ளைகள். ஒரு ஜனவரி மாதம் மூத்த மகளின் பிறந்தநாளுக்கு எட்டடி அகலமுள்ள டிராம்போலின் ஒன்றை வாங்கி மாடியில் பொருத்தினார்கள். ஜெபிக்க என்னை அழைத்தார்கள். நான் மாடியேறி, அந்த இரும்புக் குழாயின்மேல் கைவைத்து, பிள்ளைகளின் சுகத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் ஊக்கமாய் ஜெபித்தேன். பிறகு கேக் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினேன். அதன் கால்கள் எதனோடும் கட்டப்பட்டிருக்கவில்லை என்பது என் கண்ணில் படவேயில்லை.

ஏப்ரல் வந்தது. மைசூரில் வாழ்கிற நமக்குத் தெரியும். பகலெல்லாம் வெயில் கொளுத்தும், மாலையில் மேகம் கறுக்கும், மழைக்கு முன்னே காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். அந்தச் சனிக்கிழமை இரவு வீசிய காற்று அந்த டிராம்போலினைத் தூக்கி, துணி காயப்போடும் கம்பத்தை ஒடித்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, அடுத்த வீட்டுச் சமையலறையின் ஷீட்டுக் கூரைமேல் எறிந்தது. கூரை இரண்டாகப் பிளந்தது. அந்த வீட்டில் தனியாக வாழ்பவர் கன்னடம் பேசும் வயதான அம்மா. தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அஜ்ஜி. வெயில் காலத்தில் காற்றுக்காக அந்தச் சமையலறைத் தரையில்தான் பாய் விரித்துப் படுப்பார். அன்று இடிக்குப் பயந்து உள் அறையில் படுத்திருந்தார்.

மறுநாள் ஆராதனையில் அந்தச் சகோதரன் சாட்சி சொன்னார். ஒருவருக்கும் சேதமில்லாமல் தேவன் காத்தார் என்றார். சபை கைதட்டி ஸ்தோத்திரித்தது. நானும் ஸ்தோத்திரித்தேன். ஆனால் என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தேவன் காத்தார், நாம் காத்தோமா? துரோவாவில் ஐத்திகு என்னும் வாலிபன் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தபோது, பவுல் பிரசங்கத்தை நிறுத்திக் கீழே இறங்கிப் போனாரே (அப்போஸ்தலர் 20:9,10)! நாம் இறங்கிப் போனோமா?

"அந்த அம்மாவைப் பார்த்தீர்களா, தம்பி?" என்று கேட்டேன்.

அவர் தலைகுனிந்தார். "இல்லை பாஸ்டர். என்ன சொல்லுவார்களோ என்று பயமாயிருந்தது."

ஆராதனை முடிந்தவுடன் நாங்கள் ஐந்துபேர் போனோம். அஜ்ஜி உடைந்த ஷீட்டுத் துண்டுகளைத் தாமே பொறுக்கிக்கொண்டிருந்தார். சகோதரன் தமக்குத் தெரிந்த கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டார். அவர் திட்டவில்லை. "பிள்ளைகள் மேலே குதிக்கிற சத்தம் எனக்குப் பிடிக்கும். ஆனால் காற்று வரும்போது அதைக் கட்டிவைக்க உங்கள் வீட்டில் ஒருவருமில்லையா?" என்று மாத்திரம் கேட்டார். அந்த வாரத்திலேயே சகோதரன் தம் செலவில் புதிய ஷீட்டு வாங்கினார்; சபை வாலிபர்கள் அதைப் பொருத்திக் கொடுத்தார்கள். கூரை சரியாயிற்று. அஜ்ஜியின் கேள்வியோ என்னை விட்டுப் போகவில்லை. ஜெபிக்கப் போன நானே அதைக் கட்டிவைக்கச் சொல்லவில்லையே.

வேதம் கேட்கும் சுவர்

உபாகமம் 22:8-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். எழுப்பாமல் ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்பது அவ்வசனத்தின் கருத்து. விழுந்தவன் ஏன் கவனமாயில்லை என்று வேதம் அங்கே கேட்கவில்லை, வீட்டுக்காரனையே கேட்கிறது. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரமும் இதே வழியில் பேசுகிறது. குழியை வெட்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்கு ஈடு கொடுக்கவேண்டும். முட்டும் மாடென்று தெரிந்தும் கட்டிவைக்காதவன் பெரிய பழிக்கு ஆளாகிறான். வைத்திருப்பது குற்றமல்ல, பிரியமானவர்களே. வைத்திருந்தும் காவாமல் விடுவதே குற்றம்.

இப்பொழுது உங்கள் மாடியைப் பாருங்கள். முப்பதுக்கு நாற்பது மனையில் வீட்டைக் கட்டியபின் முற்றத்துக்கு இடமேது? வாடகை வீட்டாருக்கோ இன்னும் குறைவு. ஆகவே பெரிய சாமானெல்லாம் மாடிக்கே ஏறுகிறது. கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் மூன்றடி உயரம். டிராம்போலினின் விரிப்போ தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. அதன்மேல் பிள்ளை நின்றாலே, சுவரின் உச்சி அதன் முழங்காலுக்கும் எட்டுவதில்லை. ஒருமுறை துள்ளினால் கால்களே சுவருக்குமேல் போய்விடும். கட்டப்பட்ட சுவர் அங்கே இருந்தும், அந்தப் பிள்ளைக்கு அது இல்லாததற்குச் சமம். சுற்றிலும் வலை இருக்கிறதே என்பீர்கள். அந்த வலை, தடுமாறுகிற பிள்ளையை உள்ளே திருப்பிவிடுவதற்கு உண்டானது. வெயிலில் மக்கிய வலையை நம்பி இரண்டு மாடி உயரத்தில் பிள்ளையைத் துள்ளவிடுவது தகாது.

எனவே என் முதலாவது ஆலோசனை இது: பெரிய டிராம்போலின் மாடிக்கு உரியதல்ல. மண்ணோ புல்லோ உள்ள சமதரையில், சுற்றிலும் ஆறேழு அடி வெற்றிடம் இருந்தால் மாத்திரமே அது நிற்கலாம். மேலே தரையிலிருந்து 24 அடி உயரத்துக்காவது மின்கம்பியோ மரக்கிளையோ இருக்கக்கூடாது என்று பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்லுகின்றன. அந்த இடம் நம்மிடம் இல்லையென்றால், அந்த ஆசையைச் சில வருடம் தள்ளிவைப்பதில் நஷ்டமில்லை. பிள்ளைக்கு ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுங்கள். ஞாயிறு மாலை பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவர்கள் சொல்லுவது

இந்தச் சாமானின் பிறப்பே ஒரு சர்க்கஸ் வலையில்தான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜார்ஜ் நிஸ்ஸன் என்னும் வாலிபர், கம்பியில் ஊஞ்சலாடும் கலைஞர்கள் கீழே வலையில் விழுந்து துள்ளுவதைக் கண்டு, அப்படியே ஒன்றைச் செய்ய முயன்றார். லாரி கிரிஸ்வோல்டு என்பவரோடு சேர்ந்து 1934-இல் முதல் டிராம்போலினை உருவாக்கினார். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அது போட்டியாகவும் சேர்ந்தது. அங்கே துள்ளுகிறவர்கள் பயிற்சியாளரின் கண்ணுக்குமுன் பல ஆண்டுகள் பழகியவர்கள். நம் வீட்டில் துள்ளுகிற பிள்ளையோ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை எறிந்துவிட்டு ஏறுகிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையில், வீடுகளில் டிராம்போலினைப் பயன்படுத்தவே வேண்டாமென்று வலியுறுத்தியது. அதில் சொல்லப்பட்டவை நம் கவனத்துக்குரியவை. காயங்களில் ஏறக்குறைய முக்கால்பங்கு, ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் துள்ளியபோது நேர்ந்தவை. அப்படித் துள்ளும்போது, கனத்தவர் அமிழ்த்திய விசை முழுவதும் மெலிந்த பிள்ளையைத் தூக்கி எறியும். ஆகவே கூட்டத்தில் சிறிய பிள்ளைக்குக் காயப்படும் அபாயம் பெரியவரைவிடப் பதினான்கு மடங்குவரை அதிகம். ஐந்து வயதுக்குட்பட்டோர் அடைந்த காயங்களில் ஏறக்குறையப் பாதி, எலும்பு முறிவோ மூட்டு விலகலோ ஆகும். காயங்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை, பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே நேர்ந்திருக்கின்றன. பக்கத்தில் நாற்காலி போட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது காவல் அல்ல என்பது இதனால் விளங்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டோமே, பாஸ்டர், என்கிறீர்களா? அப்படியானால் வீட்டுச் சட்டமாக இவற்றை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒருவரே ஏறவேண்டும். ஆறு வயதுக்குக் குறைந்தவர் ஏறக்கூடாது. குட்டிக்கரணம் கூடாது, கழுத்தும் முதுகெலும்பும் முறிவது பெரும்பாலும் அதில்தான். இறங்கியவுடன் ஏணியை எடுத்து உள்ளே வைக்கவேண்டும். ஏணி நின்றால் அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளையும் ஏறும். அந்தப் பிள்ளைக்கும் நாமே உத்தரவாதி.

வாரம் ஒரு நாள், பத்து நிமிடம்

வாகனத்துக்கு எண்ணெய் பார்க்கிற தகப்பன், பிள்ளை துள்ளும் ஸ்பிரிங்கையும் பார்க்கவேண்டும். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விரிப்பு: கருப்பாகத் தோன்றும் அந்த விரிப்பு பிளாஸ்டிக் நூலால் நெய்யப்பட்டது. மைசூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று குளிர்ச்சியாயிருந்தாலும் வெயிலின் புறஊதாக் கதிர் கடுமையானது. விரிப்பைவிட முன்னதாக அதன் தையல் நூலே நைந்துபோகும். ஓரத்துத் தையலை விரலால் நெருடிப் பாருங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் அந்த விரிப்பின் காலம் முடிந்தது. ஓட்டையை ஒட்டுப்போட்டுத் துள்ளவிடாதீர்கள். புதிய விரிப்பு மாற்றுங்கள். தீபாவளி நாட்களில் பட்டாசுப் பொறி விழுந்தாலும் ஓட்டை விழும். அந்த வாரம் மறவாமல் பாருங்கள்.

ஸ்பிரிங்: எட்டடி டிராம்போலினில் நாற்பது ஐம்பது ஸ்பிரிங்குகள் இருக்கும். கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டியிருக்கவேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது இளகிப்போன ஸ்பிரிங். அதே நீளமும் கனமும் உள்ளதையே மாற்றுங்கள். ஒன்று விடுபட்டிருந்தாலும் துள்ளக்கூடாது.

குழாயும் மூட்டுகளும்: மேலோட்டமான துருவை உப்புத்தாளால் தேய்த்து, துத்தநாகம் கலந்த பெயிண்ட் அடிக்கலாம். தட்டினால் துரு செதிலாக உதிர்கிறதா, வெல்டிங் வைத்த இடத்தில் கீறல் ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் பெயிண்ட் அதை மறைக்குமேயன்றிப் பலப்படுத்தாது.

ஓர மெத்தையும் வலையும்: ஸ்பிரிங்கை மூடும் பஞ்சு மெத்தை வெடித்திருந்தால் பிள்ளையின் கால் ஸ்பிரிங்குகளுக்கிடையே போகும். காயங்களில் இருபது சதவீதம்வரை ஸ்பிரிங்கிலும் சட்டத்திலும் நேரடியாக மோதுவதால் உண்டாகிறவை. வலையைக் கையால் பலமாய் இழுத்துப் பாருங்கள். பிரிந்தால், பிள்ளையின் பாரத்துக்கு அது எம்மாத்திரம்?

சுத்தம்: சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். செருப்போடு ஏறக்கூடாது. மழைக்காகத் தார்ப்பாய் போர்த்தினால் அதன் நடுவிலும் மடிப்புகளிலும் தண்ணீர் தேங்கும். டெங்குக் கொசு தெளிந்த நீரில் முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். 2024-இல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்ததை மறந்துவிடவில்லையே? மழை விட்டவுடன் தார்ப்பாயை உதறுங்கள்.

காற்றின் கணக்கு

இதைக் கவனமாய் வாசியுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, எதிரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரின்மேலும் ஏறக்குறைய 17 கிலோ பாரத்தின் விசையோடு தள்ளுகிறது. எட்டடி அகலமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய ஐம்பது சதுர அடி, அதாவது நாலரைச் சதுர மீட்டருக்குமேல். காற்றின் ஒரு பங்கு விரிப்பினூடே நுழைந்து போய்விடும் என்பது உண்மையே. ஆனாலும் ஒருபக்கம் சற்றே தூக்கி நிமிர்ந்துவிட்டால், அந்த வட்டம் முழுவதும் பாய்மரம்போல் ஆகிவிடும். அதன் எடையோ சாதாரணமாக நாற்பது கிலோ அளவே. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும்.

2020 பிப்ரவரியில் பிரிட்டனில் சியாரா என்னும் புயல் வீசியபோது, வீட்டுத் தோட்டங்களிலிருந்த டிராம்போலின்கள் பறந்துபோய் இரயில் தண்டவாளத்தில் விழுந்து போக்குவரத்தைத் தடுத்தன. 2021 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு தொடக்கப்பள்ளியில், காற்றடைத்த துள்ளும் கோட்டையைச் சுழற்காற்று தூக்கியெறிந்ததில் ஆறு பிள்ளைகள் மரித்தார்கள். அது வேறு வகைச் சாமான்தான். ஆனாலும் பரந்து லேசாயிருக்கும் எதையும் காற்று தூக்கும் என்பதற்கு அந்தத் துயரமே சாட்சி.

தரையில் நிற்கும் டிராம்போலினுக்கு மண்ணில் அறையும் திருகு முளைகள் கிடைக்கின்றன; ஒவ்வொரு காலுக்கும் ஒன்று வேண்டும். கான்கிரீட் தரையானால் மணல் மூட்டைகளைக் கால்களின்மேல் குறுக்கே வைத்துக் கட்டுங்கள். மணல் மூட்டையை விரிப்பின்மேல் வைத்தால் விரிப்பு இளகும். வலையை அவிழ்த்துவிடுங்கள், காற்று பிடிப்பது முதலாவது அதில்தான். இவையெல்லாம் நடுத்தரக் காற்றுக்கே உதவும். வானிலைத் துறை பலத்த காற்றுக்கு எச்சரிக்கை கொடுத்தால் கழற்றி வைப்பதே ஞானம். காற்று வீசத் தொடங்கியபின் அதைப் பிடித்து நிறுத்த ஒருவரும் ஓடவேண்டாம்.

ஊருக்குப் போகுமுன் கழற்றுங்கள்

நம்மைப்போல் பிழைக்க வந்தவர்களுக்கு இதில் விசேஷித்த எச்சரிப்பு உண்டு. ஏப்ரல், மே விடுமுறையில்தானே நாம் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஏறிச் சொந்த ஊருக்குப் போகிறோம்? மைசூரில் இடிமழையும் காற்றும் வீசுவதும் அதே மாதங்களில்தான். வீட்டில் ஆளில்லாதபோது மாடியிலுள்ளதை யார் கட்டுவார்? டிக்கெட் எடுத்தவுடன், புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமையைக் கழற்றும் நாளாகக் குறித்துவையுங்கள். பெரியவர் இருவர் இருந்தால் இரண்டு மணி நேரம் போதும். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும்.

முதலாவது, மழையில்லாத நாளில், எல்லாம் நன்றாய்க் காய்ந்தபின் தொடங்குங்கள். ஈரத்தோடு மடித்த விரிப்பில் பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டாவது, வலை, அதன் கம்பங்கள், ஓர மெத்தை என்னும் வரிசையில் கழற்றுங்கள்.

மூன்றாவது, ஸ்பிரிங். இதுவே ஆபத்தான வேலை. இழுவிசையில் இருக்கும் ஸ்பிரிங் கைதவறினால் முகத்தில் அடிக்கும். தடித்த கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கூடவந்த கொக்கியால் இழுத்துக் கழற்றுங்கள். ஒரே பக்கமாய்க் கழற்றிக்கொண்டே போகாதீர்கள். கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: பன்னிரண்டில் ஒன்று, எதிரே ஆறில் ஒன்று, பிறகு மூன்றில் ஒன்று, எதிரே ஒன்பதில் ஒன்று. இப்படிச் செய்தால் இழுவிசை ஒருபக்கமாய்ச் சாயாது. எண்ணி எழுதிவையுங்கள்.

நான்காவது, விரிப்பைச் சுருட்டுங்கள். மடித்தால் மடிந்த கோட்டில் இழை பலவீனப்படும்.

ஐந்தாவது, குழாய்களைப் பிரிக்குமுன் எந்த முனை எதனோடு சேரும் என்று ஒட்டுநாடாவில் எண் எழுதி ஒட்டுங்கள். குழாயின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் கட்டினால் குளவி கூடுகட்டாது.

ஸ்பிரிங்கையும் போல்ட்டுகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, மிஷின் எண்ணெய் சிறிது தடவி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். திரும்பப் பொருத்துமுன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், விரிப்பில் படக்கூடாது. விரிப்பையும் வலையையும் எலி கடிக்கும். ஆதலால் கெட்டியான பையில் கட்டி, பரணிலோ அலமாரி மேலோ வையுங்கள். குழாய்களை மாடிப்படிக்கட்டில் சாய்த்துவைக்காதீர்கள். அது எல்லாரும் நடக்கும் வழி. மின்சாரம் நின்ற இரவில் அயலார் அதில் இடறுவர். படிக்கட்டின் கீழ் படுக்கவைத்துக் கட்டுங்கள். மாடியிலேயே வைக்கவேண்டியிருந்தால் தண்ணீர்த் தொட்டியின் தூணோடு சேர்த்துக் கட்டுங்கள். சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்களுக்குத் தூரமாய் இருக்கட்டும். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முன்னமே சொல்லுங்கள். அவரைக் கேளாமல் மாடித் தளத்தில் துளைபோட்டு ஆணி இறக்கினால், மழைநீர் கீழே ஒழுகும். நம் சாட்சியும் அதோடு ஒழுகிப்போகும்.

பழையதை யாருக்குக் கொடுப்பது?

பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். அப்போது, "ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்" என்று தோன்றும். சாமான் நல்ல நிலையில் இருந்து, வாங்குகிறவருக்குத் தரையில் இடமும் இருந்தால் கொடுங்கள். கையேட்டையும் கூடவே கொடுங்கள். விரிப்பு நைந்து, வலை கிழிந்திருந்தால் தானம் என்னும் பேரில் தள்ளிவிடாதீர்கள். ஊனமானதைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களைக் கர்த்தர் மல்கியாவின் மூலம் கடிந்துகொண்டாரே (மல்கியா 1:8). நம் பிள்ளைக்கு ஆகாதது இன்னொருவர் பிள்ளைக்கும் ஆகாது. விரிப்பை வெட்டிவிட்டு, இரும்பைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள்.

விழுந்துவிட்டால்

பிள்ளை விழுந்து கழுத்து வலிக்கிறது, கைகால் மரத்துப்போகிறது என்றால், தூக்கி நிறுத்தாதீர்கள். தலையை அசையாமல் தாங்கிக்கொண்டு 108-க்கு அழையுங்கள். மயக்கம், வாந்தி, ஓயாத தலைவலி கண்டாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுக் காலைவரை பார்ப்போம் என்று காத்திருப்பது விசுவாசமல்ல, பிரியமானவர்களே. சுகமாக்கும் தேவனை நான் முப்பது வருடமாய்ப் பிரசங்கிக்கிறேன், இன்னமும் பிரசங்கிப்பேன். ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்து ஜெபிக்கிற ஜெபத்தையும் அவர் கேட்கிறார். போதகரை அழைக்குமுன் ஆம்புலன்ஸை அழையுங்கள். நாங்கள் மருத்துவமனைக்கு வந்துவிடுவோம்.

உப்பரிகையின்மேல் ஒரு சோதனை

நம்மில் அநேகர் 91-ஆம் சங்கீதத்தை வீட்டு வாசலில் எழுதி வைத்திருக்கிறோம். தேவதூதர்கள் நம்மைத் தாங்குவார்கள் என்ற வாக்குத்தத்தம் எத்தனையோ இரவுகளில் நமக்கு ஆறுதலாயிருந்திருக்கிறது. ஆனால் அந்த வாக்குத்தத்தத்தை நம் ஆண்டவரிடம் எடுத்துச் சொன்னவன் யார்? தேவாலயத்து உப்பரிகையின்மேல் அவரை நிறுத்தின பிசாசு அல்லவா? குதித்துப்பார், தூதர் தாங்குவார்கள் என்றான். தேவனைப் பரீட்சை பார்க்கக்கூடாது என்பதே ஆண்டவர் கொடுத்த பதில் (மத்தேயு 4:5-7). வசனம் மெய்யானது, அதைச் சாக்காக வைத்துக் கவனமின்மையை மூடுவதோ சத்துருவின் தந்திரம்.

அன்று அந்த மாடியில் நான் ஜெபித்தது தவறல்ல. ஆனால் ஜெபித்த கையால் ஒரு கயிற்றையும் கட்டியிருக்கவேண்டும். இப்பொழுது யாராவது புது வண்டிக்கோ, புது வீட்டுக்கோ, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கோ ஜெபிக்க அழைத்தால், முதலில் சுற்றிவந்து பார்க்கிறேன். ஹெல்மெட் எங்கே, மாடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்தக் குடும்பத்தின் டிராம்போலின் மறுபடியும் மாடி ஏறவில்லை. வளைந்த குழாய்களைப் பழைய இரும்புக்குப் போட்டு, வந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, அஜ்ஜியின் சமையலறைக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார்கள். வெயில் காலத்தில் அவர் இப்பொழுது அதன் கீழ் படுக்கிறார். பிள்ளைகள் அவர் வாசலில் கயிறு தாண்டி விளையாடுகிறார்கள். அந்நிய ஊரில் நமக்குத் தேவன் கொடுத்த அயலார் இவர்கள். அவர்கள் கூரைக்கும் நாம் காவலாளிகளே.

இன்றைக்கே மாடியேறிப் பாருங்கள். டிராம்போலின் இல்லாவிட்டாலும், கட்டாத தகரம், சாய்ந்த ஏணி, சுவரோரத்துப் பூந்தொட்டி என்று ஏதாவது ஒன்று இருக்கும். குடும்பமாய் அதைக் கட்டிவிட்டு, கீழே இறங்கி வந்து, இப்படி ஜெபியுங்கள்:

பரலோகப் பிதாவே, நீர் தந்த பிள்ளைகளுக்காக உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் கவனக்குறைவை மன்னியும். நீர் காக்கிறீர் என்று சொல்லி நாங்கள் உறங்கிவிடாதபடி, காணும் கண்களையும் கட்டும் கைகளையும் எங்களுக்குத் தாரும். எங்கள் வீட்டால் எங்கள் அயலாருக்கு ஒரு தீங்கும் வராதிருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.